ஜாமீன் டீயும் இரண்டு வடையும்

2011 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. அக்னி நட்சத்திரம் முடிந்து பதினேழு நாள் ஆகியும் ஆம்பூரில் அனல் தணியவில்லை. மழை தராத மேகம் ஒன்று மட்டும் வந்து வானத்தை மூடிக்கொண்டிருந்தது. அந்த மேகம் வந்ததால்தான் வேலை நேரத்தில் நான் மேசையை விட்டு எழுந்துபோக முடிந்தது. தோல் ஆலையில் என் வேலை தரம் பிரிப்பது. அதை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும். வெயில் நேராக விழுந்தாலும் ஆகாது, மேகம் மூடினாலும் ஆகாது. மேகம் வந்தால் கையை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் பிரிவில் சட்டம்.

அப்படிக் கிடைத்த இடைவெளியில், ஆலை வளாகத்துக்குள்ளேயே இருந்த தொழிலாளர் கடன் சங்கத்தின் ஜன்னல் முன் நின்றேன். கையில் ‘பாக்கி இல்லை’ படிவம். வேலையை விட்டுப் போகிறவர் ஐந்து இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டோர், கேன்டீன், டைம் ஆபீஸ், கணக்குப் பிரிவு என நான்கு வாங்கியாயிற்று. ஐந்தாவது சங்கம். என் சங்கக் கடனை மார்ச் மாதமே அடைத்திருந்தேன். ரசீதை உறையில் போட்டு, அந்த உறையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

சங்கத்து எழுத்தர் செல்வி பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சார், உங்க கணக்குல ஒரு பைசா பாக்கி இல்ல.”

“தெரியும்மா. ரசீது இருக்குது.”

“ஆனா ஜாமீன் இருக்குதே சார். ஏழுமலைக்கு. அவரு பிப்ரவரியிலேர்ந்து தவணை கட்டல. உங்களை நான் எப்படி விட்றது?”

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பழைய ஆலை ஆட்கள் சிலரைப் பார்த்தேன். வெளியூரில் நல்ல வேலை கிடைத்தால், கிளம்புவதற்கு முன் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதில் ஒருவர், கடன் என்றால் இப்போது கைபேசியிலேயே வந்துவிடுகிறது, ஜாமீன் எல்லாம் யாரும் கேட்பதில்லை என்றார். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். அன்று எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

நான் படித்தது பி.எஸ்சி. வேதியியல். எண்பத்து நாலில் ஆலையில் சேர்ந்தேன். மூன்று வருடம் ஈரத்தோல், இரண்டு வருடம் சாயம், பிறகு தரப் பிரிவு. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் வஹாப் சார் கொடுத்தது.

வஹாப் சார் எங்கள் பிரிவின் தலைவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா, காதில் ஒரு சாக்பீஸ். அவர் திட்டி நான் கேட்டதில்லை. தோலை மேசையில் விரித்து, கட்டைவிரலால் அழுத்தி, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்து, உண்ணிக் கடி, முள் கீறல், நரம்பு எல்லாம் பார்த்து, பின்பக்க மூலையில் தர எண்ணைச் சாக்பீஸால் எழுதுவோம். தப்பாக எழுதினால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தத் தோலை எடுத்து, முகம் கீழே இருக்கும்படி திருப்பி, நம் முன்னால் போடுவார். பிறகு அரை கிளாஸ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நாம் திரும்பப் புரட்டிப் பார்க்கும்வரை நிற்பார். டீ ஆறிப் போனாலும் நிற்பார். இருபது வருடத்தில் அவர் எனக்கு அப்படித் திருப்பிப் போட்ட தோல்கள் பல. எதிலும் அவர் பார்த்தது தப்பாக இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன்; இரண்டு முறை நான் எழுதியதே சரி. அப்போது அவர் “சரி” என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இனி என் கடன். 2008 தொடக்கத்தில் எனக்கு மொத்தம் இரண்டு லட்சம் கடன் இருந்தது. அப்பாவின் வைத்தியம், தங்கை கல்யாணம் என்று சேர்ந்தது. கம்பெனி முன்பணம் நாற்பதாயிரம், சங்கம் எழுபதாயிரம், வங்கியில் நகைக் கடன் அறுபதாயிரம், கைமாற்று முப்பதாயிரம். கைமாற்றுக்கு மூன்று வட்டி, அதாவது மாதம் தொள்ளாயிரம் ரூபாய் வட்டிக்கே போகும். என் சம்பளம் பதின்மூன்றாயிரத்து நானூறு. என் மனைவி எஸ்தர் தனியார் பள்ளியில் ஆசிரியை. அவளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு.

பெரிய கடனை முதலில் அடைக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நான் பெரிய வட்டியை முதலில் அடைத்தேன். கைமாற்று பதினோரு மாதத்தில் ஒழிந்தது. பிறகு நகை. சங்கக் கடன் சம்பளத்தில் தானாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வட்டி இல்லாத கம்பெனி முன்பணத்தைக் கடைசிக்கு வைத்தேன். அது கடைசியாக இருக்கக் கூடாது என்று பிறகு தெரிந்தது. வட்டி கேட்காத அந்த முன்பணத்தைக் காட்டித்தான் யாரையும் வேலையை விட்டுப் போகவிடாமல் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பார்சல் பிரியாணி ஒன்றாக ஆனது. அந்த ஒன்றில் எனக்கு வந்தது எலும்பு. ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு ஒன்றில் சேர்ந்து, கடைசி மாதம்வரை ஏலம் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஓவர்டைமும் எஸ்தரின் டியூஷனும் சேர்ந்து, கடன் எல்லாம் தீர்ந்தபோது கையில் எண்பத்தைந்தாயிரம் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் எத்தியோப்பியாவில் ஒரு தோல் ஆலையில் தரப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேலை வந்தது. மாதம் தொள்ளாயிரம் டாலர். அப்போதைய விலைக்கு நாற்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். எனக்கு ஐம்பத்தொரு வயது. இன்னொரு வாய்ப்பு வராது. பெரிய மகள் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் இருந்தாள். விமான டிக்கெட் அவர்கள் செலவு, ஜூலை 4க்கு. முதல் சம்பளம் நாற்பத்தைந்து நாள் கழித்து. ஆகவே எண்பத்தைந்தாயிரத்தை இப்படிப் பிரித்திருந்தேன்: வீட்டுக்கு இரண்டு மாதச் செலவு இருபத்து நாலாயிரம், மருத்துவச் சோதனை, தடுப்பூசி, சான்றிதழ் வேலைகள் ஒன்பதாயிரம், பெட்டி, துணிமணி ஏழாயிரம், கையில் ஐந்நூறு டாலர், இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு, அங்கே ஒத்துவராவிட்டால் திரும்பி வர டிக்கெட்டுக்கு இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

இவ்வளவையும் கணக்குப் போட்ட நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஒரு கையெழுத்தை.

எங்கள் சங்கத்தில் ஒரு லட்சத்துக்குள் கடன் வாங்க ஓர் உறுப்பினரின் ஜாமீன் போதும். ஒருவர் ஒருவருக்குத்தான் ஜாமீன் நிற்கலாம். ஜாமீன் கேட்கிறவர் டீக்கடைக்கு அழைத்துப்போய் ஒரு டீ வாங்கித் தருவார். எதற்குக் கடன் என்று ஜாமீன் போடுகிறவர் கேட்கக் கூடாது. அதற்குப் பெயரே ஜாமீன் டீ. என் எழுபதாயிரத்துக்கு ஜாமீன் நின்றவர் ஏழுமலை. ஈரத்தோல் பிரிவில், தோலை மருந்துத் தண்ணீரில் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். தினமும் சாயங்காலம் ஒரே ஷேர் ஆட்டோவில் திரும்புவோம். 2009இல் அவர் வீட்டுக்குத் தளம் போடத் தொண்ணூறாயிரம் வாங்கியபோது, நான் போட்டேன். என் கடனுக்கு நான் அவருக்கு டீ மட்டும் வாங்கித் தந்திருந்தேன். அவர் எனக்கு இரண்டு வடையும் சேர்த்து வாங்கித் தந்தார். என் பணம் ஒன்றும் போகவில்லை என்பதால் அந்தக் கையெழுத்து செலவாக எனக்குப் படவில்லை.

செல்வி கணக்கைச் சொன்னாள். அசல் பாக்கி அறுபத்தாறாயிரம். நாலு மாத வட்டியும் அபராதமும் இரண்டாயிரத்து எழுநூற்று இருபது. மொத்தம் 68,720.

“வேற ஜாமீன் ஆள் குடுத்தா போதும் சார்.”

“யாரு இருக்காங்க?”

“அதான் பேஜாரு. நூத்தி முப்பத்தெட்டு பேர்ல ஜாமீன் போடாதவங்க ஆறு பேருதான். அதுல ஒருத்தர் உங்க வஹாப் சார். வட்டிப் பத்திரத்துல அவரு கையெழுத்துப் போட மாட்டாரு. மத்த அஞ்சு பேரு, போடக் கூடாதுன்னே போடாம இருக்கறவங்க.”

முப்பதாம் தேதிக்குள் விடுவிப்புக் கடிதம் வேண்டும். இல்லையென்றால் அந்த வேலைக்கு வாணியம்பாடியில் வேறொருவர் தயாராக இருந்தார்.

அன்று மாலை ஏழுமலை வீட்டுக்குப் போனேன். பாலாற்றங்கரைக் காலனி, ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய். புதுத் தளம் போட்ட வீடு, சுவர் இன்னும் பூசவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் துணிக் கட்டு. தோல் பதனிடும் குரோமில் நனைந்து நனைந்து விரல் இடுக்குகளில் வந்த புண். தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரம் வேலையில் தண்ணீர் படாமல் எப்படி? மாதத்தில் பத்து நாள்தான் போய்வந்தார். அந்தச் சம்பளத்தில் பிடிக்கத் தவணைக்கு இடமில்லை.

“வாங்க சார், வாங்க ஃபாரின் சாரே! உங்க பிளேன் எங்க ஊட்டு மேலதான போகும்? கைய ஆட்டறேன். ரெண்டு கையிலயும் வெள்ளத் துணி, மேலேர்ந்து நல்லா தெரியும்.”

அவர் மனைவி சரோஜா உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். “கையெல்லாம் புண்ணு வந்துது. அந்த வாய்க்கு மட்டும் ஒண்ணும் வரல பாருங்க சார்.”

நான் விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலையின் சிரிப்பு போய்விட்டது. கட்டுப் போட்ட கைகளை முட்டி மேல் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

“நான் வேலைய வுட்டா இன்னா வரும் சார்?”

“கிராஜுவிட்டி வரும். பி.எஃப்.தான் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்துட்டீங்களே.”

“கிராஜுவிட்டி சங்கத்துக்குப் பத்துமா?”

“கணக்குப் போட்டுப் பாக்கணும்.”

“போடுங்க. உங்களுக்குச் சொல்லித் தரணுமா?” எழுந்து உள்ளே போனார். ஒரு வெள்ளைத் தாளுடன் வந்தார். கையின் துணிக் கட்டைப் பல்லால் கடித்துத் தளர்த்திக்கொண்டு, தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். “எனக்கு லெட்டர் எழுத வராது. எங்க எல்லாருக்கும் நீங்கதான எழுதறீங்க. ராஜினாமான்னு எழுதிக் குடுத்துடுங்க. என்னால உங்க வேலை போவக் கூடாது.”

சரோஜா செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்ப வரவில்லை.

ஆட்டோவில் வரும்போதே கணக்குப் போட்டேன். அடிப்படைச் சம்பளம் 6,240. இருபத்தாறால் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் 3,600. பத்தொன்பது வருடச் சர்வீசுக்கு 68,400. சங்கத்துக்குத் தர வேண்டியது 68,720. முந்நூற்றிருபது ரூபாய் குறைந்தது. திரும்பவும் போட்டேன், அதே விடை. அந்த முந்நூற்றிருபதை என் பையிலிருந்து போட்டால் ஜூலை 4க்கு நான் விமானத்தில் இருப்பேன் என்று தோன்றியது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வியர்வையில் நனையாமல் இருக்க அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எஸ்தரிடம் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“சங்கத்துக்கு அறுபத்தெட்டாயிரம் சரியாப் போய்டுது. அந்த மனுஷனுக்கு இன்னா மிச்சம்?”

“புண்ணு ஆறினா வேற எங்கயாவது…”

“அம்பத்திரண்டு வயசுல, அந்தக் கையோட யாரு வேலைக்கு வெப்பாங்க? உங்க கடனுக்கு அவர்தானே கையெழுத்துப் போட்டாரு? நீங்க கட்டாம போயிருந்தா அவரு தலையிலதானே விழுந்திருக்கும்? அதெல்லாம் உங்க நோட்டுல எந்தப் பக்கத்துல இருக்குது?”

 அவள் சிவப்பு மையால் ஒரு தாளில் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

மறுநாள் வானம் தெளிவாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வஹாப் சாரிடம் விவரம் சொல்லி அந்தத் தாளைக் கொடுத்தேன். ராஜினாமா இன்னும் எழுதவில்லை. அடியில் கையெழுத்து மட்டும் இருந்தது. அவர் தாளைப் பார்த்தார். கட்டைவிரலால் கையெழுத்தின் மேல் லேசாக அழுத்தினார். பிறகு அதைத் திருப்பி, கையெழுத்து கீழே இருக்கும்படி, என் முன்னால் மேசையில் போட்டார். டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த நிற்பு. ஆனால் தாளில் என்னத்தைப் பார்ப்பது? புரட்டிப் பார்த்தேன். கையெழுத்துக்கு மேல் வெள்ளையாக இருந்தது. எழுதாத தாள்தான் அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சார், டிரிம்மிங்ல ஆள் தேவைப்படுதா?”

டிரிம்மிங் என்பது காய்ந்த தோலின் ஓரத்தைக் கத்தரிக்கும் வேலை. தண்ணீர் கிடையாது, குரோம் கிடையாது. எங்கள் பிரிவுக்குள்ளேயே நடப்பது.

“ஒரு ஆள் கம்மி. மூணு மாசமா கேக்கறேன், மேல குடுக்கல.” டீயை ஒரு வாய் குடித்தார். “உள்ள இருக்கற ஆளையே மாத்திக் குடுன்னா குடுப்பாங்க. ஜாஸ்தி செலவு இல்லையே அவங்களுக்கு.”

அங்கேயே நின்றபடி எழுதினேன். பொருள்: உடல்நலக் காரணத்தால் பணிப்பிரிவு மாற்றம் கோருதல். கையெழுத்துக்கு மேல் இடம் பதினொரு வரிக்குத்தான் இருந்தது. பதினொரு வரியில் முடித்தேன். வஹாப் சார் வாசித்தார். பரிந்துரைக்கக் காதிலிருந்து சாக்பீஸை எடுத்துவிட்டார். அதைப் பார்த்துவிட்டு, திரும்பக் காதில் வைத்து, பேனாவை எடுத்தார்.

மேலே ஒப்புதல் கிடைக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் நான் தூங்கிய அளவைச் சொல்ல வேண்டாம். இருபத்து மூன்றாம் தேதி வியாழக்கிழமை உத்தரவு வந்தது.

ஆனாலும் என் கையெழுத்துக்குப் பதில் வேறு கையெழுத்து இல்லை. செல்விதான் சங்கத்து விதிப் புத்தகத்தைத் தேடி ஒரு வழி கண்டாள்.

“நிலுவைத் தவணையைக் கட்டிட்டு, மீதி அசலுக்குச் சமமா நீங்க காப்புத் தொகை வெச்சா, உங்களை வுட்டுடலாம் சார். அவரு கட்டி முடிச்சதும் திரும்பி வந்துடும். யாரும் இத கேட்டதே இல்ல.”

“ஏன்?”

“அவ்ளோ காசு இருக்கறவங்க இந்த ஜன்னலுக்கு ஏன் சார் வரப் போறாங்க?”

“வட்டி உண்டா?”

“காப்புத் தொகைக்கு வட்டி கிடையாது சார்.”

நாலு மாத நிலுவை, அசலும் வட்டியும் அபராதமும் சேர்த்து 8,720. அது போக மீதி அசல் அறுபதாயிரம். இரண்டையும் கட்டினேன். எண்பத்தைந்தாயிரத்தில் 16,280 மிஞ்சியது. போன வருடம்தான் மீட்ட சங்கிலியை எஸ்தர் கழற்றித் தந்தாள். வங்கியில் முப்பதாயிரத்துக்கு வைத்தோம். வீட்டுச் செலவுக்கும் சான்றிதழ்களுக்கும் ஒதுக்கியதில் கை வைக்கவில்லை. பெட்டி வாங்காமல் எஸ்தரின் தங்கையிடம் இரவல் வாங்கினேன். ஐந்நூறு டாலர் இருநூற்றைம்பது ஆனது. திரும்பி வரும் டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. அங்கே ஒத்துவராவிட்டாலும் ஒத்துப்போக வேண்டியதுதான்.

ஏழுமலையிடம் சொல்ல மறுபடி காலனிக்குப் போனேன். உத்தரவின் நகலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நான் வாசித்துக் காட்டினேன்.

“நான் கேட்டது இது இல்லியே சார்.”

“இல்ல.”

“வெள்ளத் தாள்ல கையெழுத்துப் போடாதடா, சொத்தை எழுதிக்குவாங்கன்னு எங்கப்பன் சொல்லும். வேலைய எழுதிக் குடுப்பாங்கன்னு அது சொல்லல.” இவ்வளவு சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சரோஜா இந்த முறை காபி கொண்டுவந்தார்.

முப்பதாம் தேதி விடுவிப்புக் கடிதம் வாங்கினேன். நாலாம் தேதி கிளம்பினேன். விமானம் காலனி மேல் போனதா என்று தெரியாது.

அங்கே ஆறு வருடம் இருந்தேன். வேலை ஒத்துவந்தது. அங்கே எல்லாத் தோலும் மலையாட்டுத் தோல். கீறல் ஜாஸ்தி, ஆனால் வெளிச்சம் நல்ல வெளிச்சம். மகள் படிப்பு முடிந்தது. வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு அறை வீடு ஒன்று கட்டினோம். வஹாப் சார் நான் போன மறுவருடம் ஓய்வு பெற்றார். இப்போது அவர் இல்லை.

ஏழுமலையின் சம்பளத்தில் மாதம் ஆயிரத்து ஐந்நூறும் வட்டியும் நாற்பது மாதம் தவறாமல் பிடித்தார்கள். 2014 அக்டோபரில் காப்புத் தொகை எஸ்தரின் கைக்கு வந்தது. அவர் ஐம்பத்தெட்டு வயது முடியும்வரை டிரிம்மிங்கில் இருந்து, முழு கிராஜுவிட்டியையும் தன் கையில் வாங்கினார். நான் கட்டிய 8,720ஐயும், நான் விடுப்பில் வரும்போதெல்லாம் ஐந்நூறு, ஆயிரம் என்று தந்தார். என் கணக்கில் எட்டாயிரம் வந்திருக்கிறது. அவர் கணக்கில் முழுதும் தீர்ந்துவிட்டது.

“கிறிஸ்மஸுக்கு ரெண்டு கிலோ கறி எடுத்தாந்தேனே சார், அது இன்னா சும்மாவா?”

“அது விருந்து. விருந்துக்கு விலை போட முடியாது.”

“அப்போ எழுநூத்தி இருவது பாக்கின்னே வெச்சுக்கோங்க. அத கேக்கறதுக்காவது ஊட்டுக்கு வருவீங்க.”

இதுதான் பத்து வருடமாக எங்கள் பேச்சு. மாதம் ஒரு முறை நான் போகிறேன். பஸ் போக, ஆம்பூரில் ஷேர் ஆட்டோ இப்போது இருபது ரூபாய். அந்தச் செலவை நான் இதில் சேர்க்கவில்லை.

கல்யாண வீட்டில் கேட்டவர்களுக்கு என் பதில் இது. அறுபதாயிரம் நாற்பது மாதம் வங்கியில் எட்டு சதவீதத்துக்கு இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய வட்டி 16,000. சங்கிலியை எட்டு மாதத்தில் மீட்டதற்கு வட்டி 2,400, மதிப்பீட்டுக் கட்டணம் 150. காப்புத் தொகைப் பத்திரத்துக்கு முத்திரைத் தாள் 20. காலனிக்கு இரண்டு முறை போய்வந்த ஆட்டோ 40. வராத பாக்கி 720. ஆக 19,330. ஜாமீன் டீ விருந்தல்ல, அது கூலி. ஆகவே அதைக் கழிக்க வேண்டும். டீக்கு டீ சரியாகப் போயிற்று. அவர் வாங்கித் தந்த வடை இரண்டு, ஒன்று மூன்று ரூபாய் வீதம் ஆறு ரூபாய்.

ஏழுமலைக்குப் போட்ட கையெழுத்தில் எனக்கு ஆன செலவு 19,324 ரூபாய்.